வேண்டாமென்ற இருபத்தேழு

ரோசால்பா லகாலா கம்ப்யூட்டர் படிக்கப் போன வருடம், மோந்தேவெர்னா மலையூரில் கம்ப்யூட்டர் என்று சொல்ல இரண்டுதான் இருந்தன. ஒன்று தபால் நிலையத்தில். இன்னொன்று பாதிரியார் வீட்டில். அதில் அவர் சீட்டாடியதைத் தவிர வேறெதுவும் செய்ததாகத் தகவல் இல்லை. தபால் நிலையத்துப் பெட்டி அடிக்கடி படுத்துக்கொள்ளும். பள்ளி விட்டு வரும் வழியில் ரோசால்பா உள்ளே போய் அதை எழுப்பி உட்காரவைத்துவிட்டு வருவாள். அங்கே தபால்காரராக இருந்த அவள் அப்பா ரோக்கோ, மகள் படிக்கப் போவது இதைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ரோக்கோ நல்ல மனிதர். ஆனால் பெருமை என்று வந்துவிட்டால் தலைகால் புரியாது. தபால் நிலைய அதிகாரியின் மகள் சட்டம் படித்து, பட்டத்தில் நூற்றுப்பத்துக்கு நூற்றுப்பத்து வாங்கி, அதற்கு மேல் 'பாராட்டு' என்கிற தனிச் சிறப்பும் வாங்கிய அன்று, அந்த வீட்டுக்கு நாற்பத்தொரு வாழ்த்துத் தந்திகள் வந்தன. நாற்பத்தொன்றையும் மாடிப்படி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரோக்கோ. ஒவ்வொரு தடவையும் அதிகாரியின் மனைவி கதவைத் திறந்து, "அடடா, இன்னொண்ணா!" என்றாளாம். அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. தன் வீட்டுக் கதவை ஒருநாள் தானே தட்டித் தந்தி கொடுக்கவேண்டும், தன் மனைவி அசுன்தாவும் அப்படி வாய் பிளக்கவேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. வெறும் நூற்றுப்பத்துக்கு அத்தனை பேர் தந்தி அடிக்கமாட்டார்கள். பாராட்டும் வேண்டும்.

நகரத்தில், பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறையில் நூற்றெண்பது பேருக்குப் பதினான்கு கம்ப்யூட்டர்கள். அதில் மூன்றுக்கு விசைப்பலகை கிடையாது. அதனால் பிள்ளைகள் 'சி' என்கிற நிரல் மொழியைப் பேனாவால் தாளில் எழுதித்தான் கற்றார்கள். ரோசால்பா அதில் கெட்டிக்காரி. இரண்டு பக்க நிரலைத் தாளில் பார்த்தே, எந்த வரியில் எந்த எண் எப்படி மாறும் என்று விரல் வைத்துச் சொல்லுவாள். அவளோடு ஒரே அறையில் தங்கிப் படித்த மிம்மாவுக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. மிம்மாவை முதல் இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு வந்ததே ரோசால்பாதான். இதை மிம்மாவே எல்லோரிடமும் சொல்லுவாள், வெட்கப்படமாட்டாள்.

தேர்வு என்றால் எங்கள் பக்கத்தில் பேராசிரியருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வாயால் பதில் சொல்வது. முப்பதுக்கு மார்க், பதினெட்டு வந்தால் தேறியாயிற்று. கேட்டு முடித்ததும் அவர் எண்ணைச் சொல்லி, "எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்பார். சரி என்றால் மாணவரின் சின்ன மார்க் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வேண்டாம் என்றால் புத்தகத்தில் ஒன்றும் ஏறாது. எழுந்து போய், அடுத்த தவணையில் மறுபடி வரலாம். தேறிய மார்க்கை வேண்டாமென்று தள்ளும் உரிமையை எங்கள் ஆட்களுக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது. வீம்புக்கென்றே பிறந்தவர்களுக்கு அதைக் கொடுத்திருக்கக்கூடாது.

ஐந்து வருடத்தில் ரோசால்பா இருபத்தாறு தேர்வுகள் முடித்தாள். எல்லாம் இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. கடைசி மார்க்கை ரெண்டாயிரத்து இரண்டு பிப்ரவரியில் வாங்கினாள். ஒவ்வொரு மார்க்கும் தபாலோடு சேர்ந்து வீடு வீடாகப் போனது. எங்களிடம் பட்டம் வாங்கிய யாரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். மோந்தேவெர்னாவில் முடிவெட்டுகிறவர் அவளை மூன்றாம் வருடத்திலேயே 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அசுன்தா அந்த வசந்தத்திலேயே, பட்டமளிப்பு விருந்தில் கொடுக்கிற சிவப்புச் சர்க்கரைப் பாதாமுக்குச் சொல்லிவைத்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே தேர்வு. அல்காரிதம். பேராசிரியர் லத்தான்சி.

லத்தான்சியைப் பார்த்து எல்லோரும் பயந்ததால்தான் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்திருந்தாள். போகும் முன் நாற்பது வரியில் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டாள். இந்தத் தேர்வில் எத்தனை வாங்கினால் சராசரி எங்கே நிற்கும், நூற்றுப்பத்தும் பாராட்டும் கிடைக்குமா என்று அது சொல்லும். இருபத்தெட்டு வாங்கினால் கிடைக்கும் என்றது. இருபத்தேழு என்றால் நூற்றுப்பத்து வரும், பாராட்டு வராது. ஐந்து வருடம் படித்த படிப்பை வைத்து அந்தப் பெண் தனக்கென்று எழுதிய ஒரே நிரல் அதுதான் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஜூன் மாதத் தவணை. லத்தான்சி சிவப்பு-கருப்பு மரம் என்கிற அமைப்பைக் கேட்டார். அதில் ஒரு எண்ணைச் சேர்ப்பதைக் கரும்பலகையில் கடகடவென்று போட்டாள். ஒரு எண்ணை எடுப்பதைக் கேட்டதும் மூன்றாவது நிலையில் கை நின்றுவிட்டது.

"இருபத்துநாலு," என்றார் லத்தான்சி. "எடுத்துக்கிறீங்களா?"

"இல்ல சார். மறுபடி வரேன்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அன்றைக்குக் காலையில்தான் மிம்மாவும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தவள், விஷயத்தைக் கேட்டதும் குதித்தாள்.

"நீ என்ன லூசாடி? இருபத்துநாலை வேண்டாம்னியா? எனக்குப் பதினெட்டு. அந்தாளு சொல்லி வாயை மூடுறதுக்குள்ள 'எடுத்துக்கிறேன் சார்'னு கத்திட்டேன். கையைப் புடிச்சு முத்தம் குடுக்காத குறைதான்."

"சராசரி விழுந்துடும் மிம்மா."

"விழுந்தா? நூத்திப்பத்து வராதா?"

"வரும். பாராட்டு வராது."

"பாராட்டை வச்சு நாக்கையா வழிக்கப் போற? வேலைக்குப் போற எடத்துல எவன்டி அதைக் கேக்கறான்?"

வேலைக்குப் போகிற இடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்தான். கேட்கிறவர் வீட்டில் இருந்தார். அன்று இரவு சாப்பாட்டு மேசையில், வறுத்த சிவப்பு மிளகாயை நொறுக்கிப் பாஸ்தாவில் போட்டபடி, ரோக்கோ நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"இருபத்துநாலா? அதை அந்தாளே வச்சுக்கட்டும். நல்ல வேலை பண்ணினம்மா. இருபத்தாறு முத்து கோத்த மாலையில ஒரு கூழாங்கல்லைக் கோப்பாங்களா யாராச்சும்?"

"பாதாமுக்குச் சொல்லிட்டேனேங்க," என்றாள் அசுன்தா.

"பாதாம் செப்டம்பருக்குள்ள ஊசிப் போயிடுமா? சும்மா இருடி."

செப்டம்பரில் லத்தான்சி இருபத்திரண்டு கொடுத்தார். கோடை முழுக்க மரத்திலிருந்து எண்ணை எடுப்பதைப் படித்துக்கொண்டு போனாள். அவர் வேறு எதையோ கேட்டார். அதையும் வேண்டாம் என்றாள். இந்தத் தடவை அவர் குரலில் எரிச்சல் தெரிந்தது. "இது காய்கறிக் கடை இல்லம்மா, பொறுக்கி எடுக்க," என்றார். அந்த வார்த்தை அவளை உள்ளே அறுத்தது. அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதற்கப்புறம் அந்தத் தாழ்வாரத்தில் கால் வைக்கவே அவளுக்குக் கூசியது. பாதாம், மிம்மாவின் பட்டமளிப்புக்குப் பரிசாகப் போயிற்று. மிம்மா தொண்ணூற்றாறு வாங்கினாள். வடக்கே டுரின் நகரத்தில் வேலை கிடைத்து, அந்தக் குளிர்காலமே ரயிலேறிவிட்டாள்.

ரோசால்பா தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டு மோந்தேவெர்னா மாவு மில் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தாள். பட்டம் இல்லாததால் தட்டச்சர் என்று எடுத்தார்கள். சேர்ந்த ஆறாவது மாதம், கோதுமை வரத்து, ஈரம், அரைவை எல்லாவற்றுக்கும் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். இன்றைக்கும் அந்த மில் அதில்தான் ஓடுகிறது. தட்டச்சர் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

ரோக்கோ சும்மா இருந்தாரா என்றால் இல்லை. தபால் கொடுக்கப் போன இடத்திலெல்லாம், "லத்தான்சின்னு ஒருத்தன், என் மக அறிவைப் பார்த்துப் பொறாமைப்படறான். இவ விடுவாளா?" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். ஊருக்கு அது பிடித்திருந்தது. பதினெட்டுக்குக் கை நீட்டாத பெண் என்று அவளைப் பற்றி மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதையில் அவளுக்கும் கொஞ்சம் ருசி தட்டியது. அதை மறைப்பதில் பயனில்லை. அப்பா ஒருவர் தலையில் எல்லாப் பழியையும் போட்டால் அது நியாயமாகாது.

நான்கு வருடம் கழித்து, லத்தான்சி ஓய்வு பெறப்போகிறார் என்று மிம்மா தொலைபேசியில் சொன்னதும், ரோசால்பா மில்லில் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் கதவைச் சாத்திப் படித்தாள். ரெண்டாயிரத்து ஆறு, ஜூன். முக்கால் மணி நேரம் கேட்டார் கிழவர். அவள் ஒரு கேள்வியில் மட்டும் தடுமாறினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபத்தேழு. நல்லாப் பண்ணினீங்க. நான் குடுக்கறதுல இது பெரிய மார்க்."

ரோசால்பா மார்க் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"எடுத்துக்குங்கம்மா," என்றார் லத்தான்சி. கேள்வியாகக் கேட்காமல் அப்படியே சொன்னார். "நான் போறேன். அடுத்து வர்றவங்க எப்படியோ. எடுத்துக்குங்க."

அவளுக்கு நாற்பது வரி நிரல் சொன்ன எண் நினைவிலிருந்தது. இருபத்தெட்டு. ஒரு மார்க். ஒரு மார்க்குக்காக நான்கு வருடம் காத்தாயிற்று, இப்போது விட்டுக்கொடுத்தால் அந்த நான்கு வருடத்துக்கு என்ன அர்த்தம் என்று நினைத்தாள். தான் அன்றைக்கு அந்த நாற்காலியில் நினைத்ததை அவளே பின்னாளில் என்னிடம் சொன்னாள், எச்சில் துப்புகிற மாதிரி.

"வேண்டாம் சார்."

லத்தான்சி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உங்களை யாரோ நல்லாக் கெடுத்து வச்சிருக்காங்க," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அதன் பிறகு அவள் போகவில்லை. பயம்தான். இருபத்தேழை வேண்டாமென்றவள், புதிதாக வந்தவரிடம் போய் இருபது வாங்கினால் ஊர் சிரிக்கும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் போய்ப் பதிவை மட்டும் புதுப்பித்துக்கொண்டு வந்தாள். 'இந்த வருஷம் முடிச்சிடுவேன்' என்று சொல்வதையும் ஒருநாள் நிறுத்திவிட்டாள். யாரும் அவளைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் மட்டும் 'டாக்டரம்மா' என்பதை விடவில்லை. கேலியா பழக்கமா என்று அவருக்கே தெரியாது.

மில்லில் சங்கத் தலைவரின் மருமகன் வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் பட்டம், எண்பத்தெட்டு மார்க். அவனை அவளுக்கு மேலே உட்காரவைத்தார்கள். "ரோசா, இந்த நிரல்ல பிழை வந்தா நான் என்ன பண்ணனும்?" என்று முதல் வாரம் கேட்டான். "என்னைக் கூப்பிடணும்," என்றாள். கூப்பிட்டான், வருடக்கணக்காக. அவள் எழுதியதன் கீழே அவன் கையெழுத்துப் போட்டான்.

ரெண்டாயிரத்துப் பதினொன்று தொடக்கத்தில் மாகாண மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு இரண்டு இடம் அறிவித்தார்கள். நிரந்தர வேலை. பட்டம் இருக்கவேண்டும், எத்தனை மார்க் என்றாலும் சரி. விண்ணப்பத்துக்கு மார்ச் கடைசி வரை நேரம். தேர்வின் குளிர்காலத் தவணை பிப்ரவரியில், பட்டமளிப்பு மார்ச் நடுவில். ஆய்வேடு என்றோ எழுதி வைத்தது, மேசை இழுப்பறையில் கிடந்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மருமகனுக்குக் கீழே சாகும்வரை உட்கார்ந்திருப்பதா, எழுந்து போவதா என்பது அந்த ஒரு தேர்வில் நின்றது.

இந்தத் தடவை அவள் நிரலைத் திறக்கவில்லை. வீட்டிலும் மார்க்கைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை. தேர்வு அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளில் தன் பெயரை எழுதிவிட்டு, தன்னைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகளோடு தாழ்வாரத்தில் காத்திருந்தாள். புதிய பேராசிரியை கிலார்தி அவளைவிட இளையவள். மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையைக் கேட்டாள். ரோசால்பா அதை மில் லாரிகளுக்கு வழி போட எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். எழுதிக் காட்டினாள். அது சரி என்பதற்கு நிரூபணம் கேட்டபோது பாதியில் தேய்ந்து நின்றது.

"இருபத்தொண்ணு," என்றாள் கிலார்தி. "எடுத்து..."

"எடுத்துக்கிறேன்."

பேராசிரியை சிரித்துவிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரோசால்பா கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். ஒன்பது வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம், ஒரே ஒரு வார்த்தையில் இறங்கியிருந்தது. இவ்வளவு சின்ன வார்த்தையா என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பட்டமளிப்புக்கு மனு கொடுக்க மாணவர் அலுவலகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த அம்மாள், மார்க் புத்தகத்தைப் புரட்டி, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, மறுபடி புத்தகத்தைப் புரட்டினாள்.

"இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப பரீட்சை முடிச்சீங்க?"

"ரெண்டாயிரத்து ரெண்டு, பிப்ரவரி."

"அப்ப இது செல்லாதும்மா. தொடர்ந்து எட்டு வருஷம் பரீட்சை எழுதாம இருந்தா பதிவு தானா ரத்தாயிடும். போன வருஷத்துலேர்ந்தே நீங்க இங்க மாணவி இல்ல."

"எழுதினேனே! அதே வருஷம் ரெண்டு தடவை, ரெண்டாயிரத்து ஆறுல ஒரு தடவை. லத்தான்சி சார்கிட்ட. கேட்டுப் பாருங்க."

அம்மாள் எழுந்து உள்ளே போய், பழைய பதிவேட்டுக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பொறுமையாகத் தேடினாள். குறை சொல்ல முடியாது, அரை மணி நேரம் தேடினாள்.

"மூணு எடத்துலயும் 'விலகிக்கொண்டார்'னு எழுதியிருக்கு."

"நான் விலகலை. இருபத்தேழு குடுத்தாரு. நான்தான் வேண்டாம்னேன்."

"வேண்டாம்னா விலகினதுன்னுதான் எழுதுவாங்க. விலகினா பரீட்சை எழுதாத கணக்கு."

"ஃபெயில் ஆகியிருந்தா?"

"அது எழுதின கணக்கு. எட்டு வருஷம் அங்கேர்ந்து புதுசா ஆரம்பிச்சிருக்கும்." அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டாயிரத்து ஆறுல ஃபெயில் ஆகியிருந்தீங்கன்னா, இன்னிக்கு இந்த மனுவை வாங்கிப்பேன்."

"வருஷா வருஷம் வந்து பதிவைப் புதுப்பிச்சேனே? இங்கதானே வாங்கிக்கிட்டீங்க?"

"அது மூணாம் நம்பர் கவுன்டர்ம்மா."

புதிதாகச் சேரலாம் என்றாள் அந்த அம்மாள். இப்போது இருப்பது வேறு பாடத்திட்டம். பழைய தேர்வுகளில் எத்தனையை ஏற்பது என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். இலையுதிர் காலத்தில் மனு போடவேண்டும். மருத்துவமனைக்கு விண்ணப்பம் மார்ச்சில் முடிகிறது என்று ரோசால்பா சொல்லவில்லை. மார்க் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டு வந்தாள். நன்றி சொன்னதை நினைத்துத்தான் அவளுக்குப் பின்னால் அதிகமாகக் கோபம் வந்தது.

ஊருக்குப் போகும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடவேண்டும் என்று நினைத்தாள். உங்களால்தான் என்று கத்தவேண்டும். தபால் அதிகாரி வீட்டு மாடிப்படி ஏறி இறங்கின முழங்கால் வலிக்கு என் ஒன்பது வருடத்தை மருந்தாகப் போட்டீர்களே என்று கேட்கவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் சேர்த்தாள்.

ரோக்கோ சதுக்கத்தில், பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியிருந்தது. கால் வீங்கிப் போயிருந்தது. கூட இரண்டு கிழவர்களும் முடிவெட்டுகிறவரும். மகள் தேர்வுக்குப் போன விஷயம் எப்படியோ அவர் காதுக்கு வந்திருந்தது. மோந்தேவெர்னாவில் எதுதான் வராது. பேருந்திலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பரீட்சைக்குப் போனியாமே, எங்கிட்ட சொல்லவே இல்ல? எவ்வளவும்மா?"

"இருபத்தொண்ணுப்பா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மற்ற மூன்று பேரும் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். ரோக்கோவுக்கு எழுபத்தொரு வயது. "இருபத்தொண்ணு," என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல், "எடுத்துக்கிட்டியா?" என்றார்.

பேருந்தில் சேர்த்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அந்தக் கிழவரை அவள் வெறுத்தாள். அவர் அங்கே நாலு பேர் முன்னால் உடைந்து உட்காருவதைப் பார்க்கவும் அவளால் முடியவில்லை.

"இல்லப்பா. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ரோக்கோவுக்கு உயிர் வந்தது. நண்பர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாடா? இருபத்தொண்ணு குடுத்தாங்களாம். மூஞ்சியிலயே வீசிட்டு வந்திருக்கா. லகாலா வீட்டுப் பொண்ணுன்னா சும்மாவா?"

"டாக்டரம்மாவா, கொக்கா!" என்றார் முடிவெட்டுகிறவர்.

ரோக்கோ மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு ஏறுகிற பாதையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இரண்டாவது தடவை நின்றபோது, அடுத்த பரீட்சை எப்போது என்று கேட்டார்.

"ஜூன்லப்பா," என்றாள் ரோசால்பா.